பதிவேட்டில் பெயரில்லாத பையன்கள்: வாசகர் கேள்வி–பதில்

"ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் எழுதப் படிக்கத் தெரிந்திருக்கும் ஆப்பிரிக்க நாடு ஏதேனும் உண்டா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். "லெசோத்தோ, அங்கே பையன்கள் ஆடு மேய்க்கப் போய்விடுகிறார்கள்" என்று சென்ற இதழில் ஒன்றரை வரியில் பதில் எழுதினேன். அந்த ஒன்றரை வரி பலருக்குப் போதவில்லை என்பது வந்த கடிதங்களிலிருந்து தெரிகிறது. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் ஓர் இதழ் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பள்ளி செல்லாக் குழந்தைகள் என்றாலே பெண் குழந்தைகளைப் பற்றித்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம். லெசோத்தோவில் மட்டும் ஏன் தலைகீழாக இருக்கிறது? மகனைப் படிக்கவைக்க அந்தப் பெற்றோருக்கு ஆசையில்லையா? (வாசகி, தேனி)

ஆசை இல்லாமல் இல்லை. மகனை விட்டால் மேய்க்க ஆளில்லை என்பதுதான் சங்கதி.

நாட்டைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். நான்கு புறமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்திருக்க, நடுவில் மலைமேடாக நிற்கிற நாடு லெசோத்தோ. பரப்பு 30,355 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏறத்தாழ 20 லட்சம். அந்த நாட்டின் மிகத் தாழ்வான இடமே கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது நம் ஏற்காட்டுக்குச் சற்று இறக்கமான இடம்தான் அவர்களுக்குப் பள்ளத்தாக்கு. உழுவதற்கு ஏற்ற நிலம் சொற்பம், புல்வெளியோ ஏராளம் என்பதால், கம்பளிக்கு மெரினோ செம்மறியும், மொஹேர் என்னும் பளபளப்பான இழைக்கு அங்கோரா வெள்ளாடும் வளர்க்கிறார்கள். உலகின் மொஹேர் உற்பத்தியில் தென்னாப்பிரிக்காவுக்கு அடுத்த இடம் இந்தச் சின்ன நாட்டுக்குத்தான். மலைக் கிராமத்துக் குடும்பத்துக்குச் சேமிப்பு, கௌரவம், மருத்துவச் செலவுக்கான கைமுதல் எல்லாமே கால்நடைதான். மணமகன் வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் 'போஹாடி' என்னும் பரிசம்கூட மாட்டுக் கணக்கில் பேசப்படுகிறது.

இத்தனை கால்நடையையும் மேய்ப்பவர் யார் என்று கேட்டால், நியாயமாகத் தகப்பன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் தகப்பன்கள் ஊரில் இல்லை. இருபதாம் நூற்றாண்டு முழுவதும் லெசோத்தோவின் ஆண்கள் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்குப் போய்க்கொண்டேயிருந்தார்கள். 1980களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வேலை பார்த்தார்கள்; இவ்வளவு சிறிய மக்கள்தொகையில் அது உடல் வலுவுள்ள ஆண்களில் பெரும் பகுதி. தகப்பன் அனுப்பிய பணத்தில் ஆடு வாங்கினார்கள், வாங்கிய ஆட்டைப் பத்து வயது மகனிடம் ஒப்படைத்தார்கள். 1990களில் சுரங்க வேலை சுருங்கி ஆண்கள் ஊர் திரும்பிய பிறகும் வழக்கம் மாறவில்லை. போதாக்குறைக்கு எய்ட்ஸ் வந்தது. வயது வந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று உள்ள நாட்டில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமிருக்காது. அப்படிப்பட்ட பையனை உறவினர் யாராவது அழைத்துக்கொண்டால், பெரும்பாலும் அவன் கையில் கோலைத்தான் கொடுப்பார்கள்.

இனி, தாங்கள் கேட்ட 'தலைகீழ்' விஷயத்துக்கு வருகிறேன். பெண் குழந்தைக்கு அங்கே வேலை இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். விடியற்காலையில் தண்ணீர் எடுப்பாள், மாலையில் விறகு பொறுக்குவாள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வாள். ஆனால் அவள் வேலை பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னும் அடங்கிவிடுகிறது. ஆடு அப்படிப்பட்டதன்று, முதல் மணி அடிக்கும்போது அது மேயப் புறப்படும், கடைசி மணி அடித்த பிறகுதான் திரும்பும். வேலையின் கடுமையைவிட, அது எந்த நேரத்தில் வந்து விழுகிறது என்பதுதான் அக்காவைப் பள்ளியிலும் தம்பியை மலையிலும் நிறுத்தியிருக்கிறது. பெண்கள் மாட்டுப் பட்டிக்குள் நுழையக் கூடாது என்ற பழைய விலக்கும் இதில் பெண்களுக்குச் சாதகமாகப் போய்விட்டது. இதை வைத்து அங்கே பெண்களுக்குச் செல்வாக்கு அதிகம் என்று முடிவுகட்டினால் தவறாகும்: 2006இல் சட்டம் திருத்தப்படும் வரை, மணமான பெண் அந்நாட்டுச் சட்டத்தின் முன் கணவனின் பொறுப்பில் இருக்கும் மைனர்தான், அவள் பட்டதாரியாக இருந்தாலும்.

கேள்வி: உலக வங்கியின் புள்ளிவிவரப் பட்டியலில் 'தொடக்கப் பள்ளியில் சேராத சிறுவர்கள்' என்ற வரிசையைப் பார்த்தேன். சிறிய நாடுகளுக்கு எதிரே சில ஆண்டுகளில் ஒற்றை இலக்க எண்ணும், சில ஆண்டுகளில் வெற்றிடமும் இருக்கின்றன. அப்படியானால் அந்நாடுகளில் பிரச்சினையே இல்லை என்று கொள்ளலாமா? (பொருளியல் மாணவர், கோயம்புத்தூர்)

கொள்ளக் கூடாது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் தங்களுக்கே ஐயம் வந்துவிடும்.

மாண்ட்ரியலில் இருக்கும் யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனம் தொகுப்பதைத்தான் உலக வங்கி எடுத்து வெளியிடுகிறது. தொடக்கப் பள்ளிக்குரிய வயதில் இருந்துகொண்டு, எந்தப் பள்ளியிலும் சேராதவர்களைத்தான் அந்த வரிசை குறிக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளையை யாரும் வீடு வீடாகப் போய்த் தேடி எண்ணுவதில்லை. பெரும்பாலும் கழித்தல் கணக்குதான். நாட்டில் இந்த வயதில் இத்தனை சிறுவர்கள் இருக்க வேண்டும் என்ற மக்கள்தொகை மதிப்பீட்டிலிருந்து, பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையைக் கழிக்கிறார்கள். முதல் எண் ஓர் அலுவலகத்திலிருந்து வருகிறது, இரண்டாவது எண் வேறோர் அலுவலகத்திலிருந்து வருகிறது.

இந்தியா போன்ற நாட்டில் இரண்டிலும் சில ஆயிரம் பிசகினால் சதவீதத்தில் ஒன்றும் தெரியாது. சிறிய நாட்டில் கதையே வேறு. ஓர் எடுத்துக்காட்டுக்காக, ஒரு தீவு நாட்டில் அந்த வயதில் 400 சிறுவர்கள் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள், பதிவேட்டில் 390 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சேராதவர்கள் 10 பேர் என்று பட்டியலில் ஏறும். அந்த 400 என்பதே இருபது முன்பின்னாக இருந்தால், உண்மையில் 30 பேர் வெளியே இருக்கலாம், அல்லது இருக்க வேண்டியதைவிடப் பத்துப் பேர் அதிகமாகப் பள்ளியில் இருக்கலாம்! இரண்டாவது வகையில் விடை எதிர்மறையாக வருவதால் பட்டியலில் இடம்பெறும் தகுதியையே இழந்துவிடுகிறது.

பசிபிக் கடலில் நியுவே என்று ஒரு தீவு இருக்கிறது. மக்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. தொடக்கப் பள்ளி ஒன்றே ஒன்று. தீவுவாசிகள் நியூசிலாந்துக் குடியுரிமை உள்ளவர்கள் என்பதால் நினைத்தபோது விமானம் ஏறிவிடலாம். நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பம் ஒன்று பள்ளி ஆண்டின் நடுவில் ஆக்லாந்துக்குக் குடிபெயர்ந்தால், அந்த ஆண்டின் சேர்க்கை விகிதமே மாறிவிடும். அங்கே எத்தனை பேர் படிக்கவில்லை என்று அறியத் தலைமையாசிரியரிடம் கேட்டாலே பெயரோடு சொல்லிவிடுவார், புள்ளியியல் தேவையில்லை.

வயதும் ஒரு சிக்கல். லெசோத்தோவில் தொடக்கப் பள்ளி ஆறு வயது முதல் பன்னிரண்டு வரை, ஏழு வகுப்புகள். ஒன்பது வயது வரை மேய்த்துவிட்டு முதல் வகுப்பில் சேரும் பையன், முதல் மூன்று ஆண்டுகள் 'சேராதவர்' கணக்கில் இருந்து, பிறகு 'சேர்ந்தவர்' கணக்குக்கு மாறுகிறான். அவன் பதினான்கு வயதில் நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டால், வயது தாண்டிவிட்டதால் இந்த வரிசையில் அவன் மறுபடி தென்படவே மாட்டான். பட்டியலைப் பொறுத்தவரை அவன் பிரச்சினை தீர்ந்துவிட்டது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சேர்க்கைப் பதிவேடு வேறு, வருகைப் பதிவேடு வேறு. ஜனவரியில் பெயர் எழுதிக்கொண்டு, அண்ணனும் தம்பியுமாக முறைவைத்து ஒருவன் பள்ளிக்கும் ஒருவன் ஆட்டுக்கும் போகும் வீடுகள் அங்கே உண்டு. இருவர் பெயரும் சேர்க்கையில் இருக்கும். இருவரும் சேர்ந்து ஒரு மாணவனுடைய பாடத்தைத்தான் படித்திருப்பார்கள்.

உலக அளவில் பள்ளிக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளும் இளையோரும் சேர்ந்து 25 கோடி என்று 2023இல் யுனெஸ்கோ அறிவித்தது. அந்தப் பெருங்கடலில் சிறிய நாட்டுப் பையன் ஒரு துளிகூட இல்லை. நிதி ஒதுக்குபவர்கள் எண்ணிக்கையைப் பார்த்து ஒதுக்குவதால், அவன் கடைசியில்தான் கண்ணில் படுவான். தங்கள் ஆய்வுக்கு நான் சொல்லக்கூடியது, அந்த வரிசையோடு வீட்டு ஆய்வுகளில் வரும் வருகைப் புள்ளிவிவரத்தையும் அருகில் வைத்துப் பாருங்கள்; எந்த ஆண்டிலும் வெற்றிடத்தைப் பூஜ்யம் என்று நிரப்பிவிடாதீர்கள்.

கேள்வி: காமராஜர் மதிய உணவு போட்டதுபோல் அங்கேயும் சோறு போட்டால் பிள்ளைகள் வந்துவிடமாட்டார்களா? (வாசகர், விருதுநகர்)

சோறு போடுகிறார்கள். ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டத்தின் துணையோடு பல பத்தாண்டுகளாகவே அங்கே பள்ளி உணவு உண்டு. மக்காச்சோளக் களியும் அதற்குத் தொட்டுக்கொள்ளப் பருப்போ கீரையோ கிடைக்கிறது. பசிக்காகப் பள்ளிக்கு வராத பிள்ளையை அது கொண்டுவரும், கொண்டும் வந்திருக்கிறது. ஆட்டுக்காக வராத பிள்ளையை என்ன செய்வது? அவன் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஆட்டை யார் பார்ப்பது என்ற கேள்விக்குச் சோற்றில் விடை இல்லை.

கேள்வி: "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று வகுப்பில் நானே பல பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன், இப்போது வெட்கமாக இருக்கிறது. மேய்ப்பதும் ஓர் அறிவுதானே, ஐயா? அதைக் குழந்தைத் தொழில் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது நியாயமா? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், உசிலம்பட்டி)

மேய்ப்பதற்கு எவ்வளவு லாயக்கு வேண்டும் என்பது நம் பக்கத்துக் கீதாரிகளிடம் ஒரு நாள் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே அந்த வசவு வாத்தியாரின் அறியாமையைத்தான் காட்டுகிறது. தாங்கள் ஒப்புக்கொண்டதால் இதைத் தைரியமாக எழுதுகிறேன்.

மேய்க்கும் சிறுவனை அவர்கள் மொழியில் 'மொடிசானா' என்பார்கள், பன்மையில் 'பாடிசானா'. (எழுத்தில் 'லி' என்று எழுதி 'டி' என்று உச்சரிப்பது லெசோத்தோவின் வழக்கம், நூல்களில் 'பாலிசானா' என்று படித்தால் குழம்ப வேண்டாம்.) உடம்பைச் சுற்றித் தடித்த கம்பளி, அதைக் கழுத்தருகே கோத்துப் பிடிக்கும் பெரிய ஊக்கு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் கோல், கூட இரண்டு மூன்று நாய்கள். மந்தையின் ஒவ்வோர் உருப்படியும் அவனுக்கு முகத்தால் தெரியும். மாட்டின் நிறத்துக்கும் புள்ளிக்கும் தனித்தனிச் சொற்கள் வைத்திருக்கும் மொழி அது. எந்த மேகம் பனியைக் கொண்டுவரும், எந்தப் புல் வயிற்றை உப்பவைக்கும் என்பதெல்லாம் பத்து வயதில் பாடமாகிவிடும். 'லெசிபா' என்று ஓர் இசைக்கருவி உண்டு. வில்போல் வளைத்த கழியில் ஒரு தந்தி. தந்தியின் முனையில் பறவையிறகின் தண்டு. அந்தத் தண்டை உதட்டருகே வைத்து ஊத, தந்தி அதிரும். தந்திக் கருவி, ஆனால் காற்றால் ஒலிப்பது. மேய்ப்பவர்கள்தாம் அதைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். இன்று அது அந்நாட்டின் தேசிய இசைக்கருவி.

ஆனாலும் என் மதிப்பெல்லாம் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. கிராமத்தை ஒட்டி மேய்த்துவிட்டு அந்தியில் வீட்டுக்கு வந்து களி தின்று தாயின் அருகில் படுக்கும் பையன் வேறு, மலையுச்சிக் கிடையில் மாதக்கணக்கில் தங்கும் பையன் வேறு. அந்தக் கிடையை 'மொதேபோ' என்கிறார்கள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல், கல்லை அடுக்கிப் புல் வேய்ந்த குடிசை. ஒரு மூட்டை மாவு. சாண எரு எரியும் புகை. பனிப்பொழிவில் வழி அடைபட்டால் ஊரிலிருந்து யாரும் வர முடியாது. துப்பாக்கியோடு கால்நடை திருடும் கூட்டங்கள் எல்லைப்புறத்தில் நடமாடுகின்றன. எதிர்த்து நின்ற மேய்ப்பர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். இதில் அறிவு வளர்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்நாட்டு அரசு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே கோட்டைத்தான் கிழித்திருக்கிறது: படிப்பைக் கெடுக்காமல் வீட்டு மந்தையைப் பார்ப்பதை அது அனுமதிக்கிறது, பதினெட்டு வயதுக்குட்பட்டவரைக் கிடையில் நிறுத்துவதைத் தடைசெய்கிறது. தடையை மலையேறிப் போய் அமலாக்க ஆய்வாளர்கள் வேண்டுமே, அது வேறு கதை.

கேள்வி: வேறு சிறிய நாடுகளிலும் பையன்கள் பின்தங்கியிருக்கிறார்களா? (வாசகர், மதுரை)

இருக்கிறார்கள், ஆனால் எல்லாரையும் ஒரே பட்டியில் அடைக்க முடியாது. காம்பியாவில் தொடக்கப் பள்ளியில் பெண்கள் ஆண்களை முந்திவிட்டார்கள். அங்கே பையன்களில் ஒரு பகுதியினர் குரான் ஓதும் 'மஜாலிஸ்'களில் ஆசானோடு தங்கிப் படிக்கிறார்கள். பூட்டானில் ஆறு ஏழு வயதிலேயே புத்த மடத்தில் சேர்ந்து செவ்வாடை உடுத்தும் சிறுவர்கள் உண்டு. இவர்கள் பொழுது விடிந்து பொழுது போகும் வரை படிக்கிறார்கள், மனப்பாடம் செய்கிறார்கள்; அரசுப் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இல்லாததால் 'சேராதவர்' ஆகிவிடுகிறார்கள். கிடையில் இருக்கும் லெசோத்தோச் சிறுவனையும் மடத்தில் இருக்கும் பூட்டான் சிறுவனையும் ஒரே எண்ணால் குறிப்பது எனக்கு ஒப்பவில்லை. முன்னவனுக்குப் பள்ளி வேண்டும். பின்னவனுக்கு ஏற்கெனவே இருக்கும் பள்ளியில் கணக்கும் அறிவியலும் வேண்டும். காம்பியாவில் ஓதும் பள்ளிகளுக்கு உதவித்தொகை கொடுத்து அவற்றுக்குள்ளேயே ஆங்கிலமும் கணக்கும் சொல்லித்தர முயன்றது அதனால்தான்.

கேள்வி: கட்டணத்தை நீக்கினால் எல்லாரும் வருவார்கள் என்பார்கள். லெசோத்தோவில் கட்டணம் உண்டா? அரசு என்னதான் செய்கிறது? (வாசகி, நாகர்கோவில்)

கட்டணம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் வந்து தொடங்கியதிலிருந்து பள்ளிகளில் பெரும்பாலானவை திருச்சபைகளின் கையில்தான் இருக்கின்றன. பிரதமர் பகலிதா மொசிசிலியின் அரசு 2000 ஜனவரியில் முதல் வகுப்புக்குக் கட்டணத்தை நீக்கியது; ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2006இல் ஏழாம் வகுப்பு வரை இலவசமானது. முதல் ஆண்டில் முதல் வகுப்புகள் நிரம்பி வழிந்தன. சின்னஞ்சிறு பிள்ளைகளோடு மீசை அரும்பிய பையன்களும் அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். 2010ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாகவும் ஆக்கியது.

கட்டணத்தால் வெளியே நின்றவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். மீதமிருப்பவர்கள்தாம் கடினமானவர்கள்; மொகோட்லோங், தாபா-ட்செகா போன்ற மலை மாவட்டங்களில் பள்ளிக்கு மணிக்கணக்கில் ஆறும் பாறையும் கடந்து நடக்க வேண்டும். 'லெபோல்லோ' என்னும் ஆண்மைச் சடங்குப் பள்ளி இன்னொரு முட்டுக்கட்டை. பதின்பருவத்துப் பையன்கள் சில மாதங்கள் மலையில் தங்கி, புதுப் பெயரோடு ஆண்பிள்ளையாகத் திரும்புகிறார்கள். திரும்பியவனுக்கு எட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பெண் ஆசிரியரிடம் பிரம்படி வாங்க மனம் வருவதில்லை. அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளாத திருச்சபைப் பள்ளிகளும் இருந்திருக்கின்றன.

உருப்படியான முயற்சி என்று எனக்குத் தோன்றுவது, 1974 முதல் இயங்கும் லெசோத்தோ தொலைநிலைக் கற்பித்தல் மையம் ஊர்களில் நடத்திவரும் கற்றல் நிலையங்கள். மந்தை பட்டியில் அடைந்த பிறகு பாடம். பையன்கள் கோலை வாசலில் சாத்திவிட்டு, நாயை வெளியே படுக்கவைத்துவிட்டு, கம்பளியோடே உள்ளே வந்து உட்காருகிறார்கள். ஆட்டின் நேரத்துக்குப் பள்ளி வளைந்துகொடுக்கிறது. இத்தனை காலம் பள்ளியின் நேரத்துக்கு ஆட்டை வளைக்கப் பார்த்துத்தான் தோற்றார்கள். கற்பிப்பவர்கள் பெரும்பாலும் சொற்ப ஊதியத்துக்கு உழைப்பவர்கள். விளக்குக்கும் புத்தகத்துக்கும் திண்டாட்டம். சட்டம் அச்சிட்ட செலவில் கொஞ்சம் இந்த விளக்குகளுக்குப் போயிருக்கலாம்.

கேள்வி: கூலிக்கு மேய்க்கும் பையனுக்கு என்ன தருவார்கள்? (வாசகர், இராமநாதபுரம்)

வழக்கமான ஒப்பந்தம், ஓர் ஆண்டு மேய்த்தால் 12 செம்மறி ஆடு அல்லது ஒரு பசு. சில இடங்களில் பணமாகவும் கொடுக்கிறார்கள். பேச்செல்லாம் வாய்மொழிதான், ஆடு ஏதாவது தொலைந்தால் கூலியில் கழித்துக்கொள்ளும் உரிமையாளர்களும் உண்டு. ஆண்டு முடிந்து ஓட்டிவரும் பன்னிரண்டும் பெரும்பாலும் தகப்பன் பட்டியில்தான் அடையும். அவற்றை மேய்க்க அடுத்த தம்பி தேவைப்படுவான்.